ஈழநாடும் எங்கள் வாசிகசாலையும்

யாழ்ப்பாண நூலகம் எரிந்த கதையை எழுதாதவர்கள் எங்களில் குறைவு. 1981 யூன் முதலாம் திகதி இரவு, 97,000 புத்தகங்கள், ஓலைச்சுவடிகள் என்று அநேகமான கட்டுரைகள் தொடங்கும். மூன்றாவது அல்லது நான்காவது வசனத்தில் "ஈழநாடு பத்திரிகைக் காரியாலயமும் எரிக்கப்பட்டது" என்று வரும். அந்த ஒரு ‘உம்’மோடு ஈழநாட்டின் கதையை முடித்துவிடுவார்கள்.

நூலகத்தோடு வைத்துப் பார்த்தால் அது சின்ன விசயம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்த ‘உம்’ எனக்குக் கனகாலமாக உறுத்துகிறது. எங்கள் ஊர் ஏழாலையிலிருந்து பட்டணத்துக்குப் போய் நூலகத்தில் இருந்து படித்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். ஈழநாடு ஒவ்வொரு வீட்டுப் படலையையும் ஒரு தடவையாவது தாண்டி உள்ளே வந்தது. அந்த வீடுகளில் இருந்தவர்களில் எத்தனையோ பேரின் பெயர் தங்கள் வாழ்நாளில் ஒரேயொரு முறைதான் அச்சில் வந்தது. அதுவும் அதில்தான் வந்தது. வாழ்நாளில் என்று எழுதிவிட்டேன். வாழ்நாள் முடிந்த மறுநாளில் என்பதுதான் சரி.

நான் பத்திரிகைக்காரன் அல்ல. முப்பத்தெட்டு வருடம் தபால் பகுதியில் வேலை பார்த்து இளைப்பாறியவன். வாசிகசாலை வாங்கில் இருந்து அதை வாசித்தவன், பிறகு அதைச் சுற்றி வந்த கடதாசியில் திகதி முத்திரை குத்தியவன். அந்த இரண்டு உரிமையில்தான் எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்துக்குப் பத்திரிகை புதிதல்ல. 1841 ஜனவரி 7 இல் அமெரிக்க மிசனரிமார் ‘உதயதாரகை’யைத் தமிழிலும் ஆங்கிலத்திலுமாகத் தொடங்கிவிட்டார்கள். 1876 இல் கத்தோலிக்கருக்கு ‘சத்தியவேத பாதுகாவலன்’ வந்தது. 1889 இல் சைவர்களுக்கு ‘இந்து சாதனம்’ வந்தது. இவற்றுக்குள் நடந்த சமயச் சண்டைகளைப் பற்றி ஆராய்ச்சிக்காரர் புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். சண்டை பிடிக்கத்தான் எங்கள் ஆட்கள் முதலில் அச்சுக்கூடம் வைத்தார்கள் என்று என் தகப்பனார் பகிடியாகச் சொல்லுவார்.

அவருடைய பத்திரிகை ‘ஈழகேசரி’. எங்களுக்குப் பக்கத்துச் சுன்னாகத்திலேயே, 1930 இல், குரும்பசிட்டி நா. பொன்னையா தொடங்கிய வாரப் பத்திரிகை அது. கதை, கவிதை, கட்டுரை என்று தமிழ் படித்தவர்களுக்கு அது விருந்து. 1958 இல் அது நின்றுபோயிற்று. கலவரத்தில் அடிபட்டுத் தென்னிலங்கையிலிருந்து எங்கள் சனம் கப்பலில் வந்து இறங்கியதும் அதே வருடம்தான். அந்த நேரத்தில் யாழ்ப்பாணத்துக்கென்று நாளும் பொழுதும் செய்தி சொல்ல ஒரு பத்திரிகை இருக்கவில்லை. நாங்கள் வாசித்த நாளேடுகள் கொழும்பிலிருந்து வந்தவை. வீரகேசரி 1930 இல் தொடங்கியது, தினகரன் 1932 இல். இரண்டும் இரவு மெயில் ரயிலில் ஏறி விடியத்தான் எங்களிடம் வரும்.

1959 பெப்ரவரியில் ஈழநாடு வந்தது. கே. சி. தங்கராசா, கே. சி. சண்முகரத்தினம் என்ற சகோதரர்கள் தொடங்கினார்கள். ஆசிரியராகக் கே. பி. ஹரன் வந்தார். தமிழ்நாட்டுக்காரர், கொழும்பில் வீரகேசரியின் ஆசிரியராக இருந்தவர். ஈழநாடு தொடக்கத்திலேயே நாளேடு அல்ல. இரண்டொரு வருடத்தில்தான் தினமும் வரத் தொடங்கியது. கொழும்புக்கு வெளியே ஒரு நாளேட்டை நடத்தலாம் என்பதைக் காட்டியவர்கள் இவர்கள்தான். நான் அப்போது பதின்மூன்று வயதுப் பொடியன்.

எங்கள் வாசிகசாலையைப் பற்றி இங்கே சொல்லாமல் மேலே போக முடியாது. யாழ்ப்பாணத்தில் இருந்து வளர்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை, ஆனால் பேரப்பிள்ளைகளுக்கு இதை வாசித்துக் காட்டுகிறவர்களும் இருப்பீர்கள். சந்தியில் ஒரு சின்னக் கட்டிடம். அரைச்சுவர், மேலே கம்பித் தட்டி, நடுவில் நீட்டு மேசை, இரண்டு பக்கமும் வாங்கு. மாதம் ஆளுக்குப் பத்துச் சதம், இருபத்தைந்து சதம் என்று சந்தா சேர்த்து மூன்று பத்திரிகை எடுப்பார்கள். விடிய ஆறரைக்குள் சைக்கிள்காரன் வந்து அரைச்சுவருக்கு மேலாக எறிந்துவிட்டுப் போவான். அந்த நேரத்துக்கே நாலைந்து பேர் சுருட்டுப் புகைக்குள் காத்துக்கொண்டு இருப்பார்கள்.

ஒரு பத்திரிகையை ஒரு ஆள் முழுதாக வைத்திருந்து வாசிக்க முடியாது. தாள் தாளாகப் பிரித்து ஆளுக்கொன்றாக எடுப்பதுதான் முறை. முன்பக்கம் ஒருவரிடம் இருக்கும், அதன் தொடர்ச்சி இருக்கும் பக்கம் இன்னொருவரிடம் இருக்கும். "மிச்சம் ஆரிட்டை?" என்று ஒரு குரல் எப்போதும் கேட்டபடி இருக்கும். கண் தெரியாத கிழவர்களுக்கு நாங்கள் பள்ளிக்கூடப் பொடியங்கள் உரத்து வாசிக்க வேண்டும். எழுத்துப் பிழை விட்டால் கண் தெரியாதவரே திருத்துவார். என் தமிழ் உச்சரிப்புக்கு வாத்திமாரை விட அந்தக் கிழவர்கள்தான் காரணம்.

கொழும்புப் பத்திரிகையை வாசிக்கும்போது அரசியல் வரும், வாக்குவாதம் வரும், சில நாள் கைகலப்பும் வரும். ஈழநாட்டை வாசிக்கும்போது வேறு மாதிரி. முதலில் எல்லோரும் தேடுவது மரண அறிவித்தல். அதற்குப் பிறகு வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் என்ன விலை போனது என்பது. அதற்கும் பிறகு எந்தக் கோயிலில் கொடியேற்றம், எந்த ஊரில் கிணற்றுக்குள் மாடு விழுந்தது, எந்தச் சங்கக் கடையில் என்ன குழப்பம். பிரதமர் என்ன பேசினார் என்பது ஆறுதலாக வாசிக்கிற விசயம்.

வேலிக்கு அங்காலை நின்று ஒரு ஆச்சி கேட்பா, "தம்பி, இண்டைக்கு ஆரும் போட்டினமோ?" அவவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. ஆனாலும் ஈழநாட்டின் தினசரி வாசகர்களில் அவவும் ஒருவர் என்றுதான் நான் சொல்லுவேன்.

1964 மார்கழிப் புயல் நினைவிருக்கிறதா? தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன அதே புயல் எங்கள் பக்கத்தையும் அடித்துப் புரட்டியது. எங்கள் வாசிகசாலை மேசைக்குக் கொழும்புப் பத்திரிகை வந்து சேராத நாட்கள் அவை. கரையோர ஊர்களில் என்ன நடந்தது, ஆர் வீடு கூரையில்லாமல் போனது, கடலுக்குப் போனவர்கள் திரும்பினார்களா என்பது பட்டணத்தில் அச்சடித்த பத்திரிகையால்தான் எங்களுக்குத் தெரிய வந்தது. அதற்குப் பிறகு, "உவங்கள் உள்ளூர்ப் பேப்பர் போட்டு என்னத்தைக் கிழிக்கப் போறாங்கள்?" என்று கேட்டுக்கொண்டிருந்த எங்கள் அம்மான் அந்தக் கேள்வியை விட்டுவிட்டார். சந்தா மட்டும் கடைசி வரையும் கொடுக்கவில்லை.

இனி மரண அறிவித்தலுக்கு வருகிறேன். இளம் ஆட்கள் இதைப் பகிடி பண்ணுவார்கள். பென்சனியர்மார் பத்திரிகையைப் பின்பக்கத்திலிருந்து பிரிப்பது தங்கள் பெயர் வந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் என்பார்கள். பண்ணட்டும். நான் சொல்ல வருவது வேறு.

எங்கள் பகுதி மரண அறிவித்தல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்டவர். காலஞ்சென்ற இன்னார் தம்பதிகளின் மகள். இன்னாரின் மனைவி. பிள்ளைகளின் பெயர், அவர்கள் எங்கே என்ன வேலை, மருமக்களின் பெயர், சகோதரர்களின் பெயர், மைத்துனர்மாரின் பெயர். கடைசியில் இத்தனை மணிக்குக் கிரியை, இன்ன மயானம், உற்றார் உறவினர் நண்பர்கள் இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ளவும். வாசித்துப் பாருங்கள், அது ஒரு வம்ச வரலாறு. மூன்று தலைமுறை, இரண்டு மூன்று ஊர், ஐந்தாறு உத்தியோகம், எல்லாம் ஒரு சாண் இடத்துக்குள். மலாயாப் பென்சனியர் என்று ஒரு சொல் வந்தால் அந்தக் குடும்பத்தில் ஒருவர் எந்தக் காலத்தில் கடல் கடந்தார் என்பது தெரிந்துவிடும். பிறப்பிடமும் வதிவிடமும் வேறாக இருந்தால் அந்த அம்மா எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தா என்று தெரியும்.

வசதியான குடும்பங்கள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அடிப்பார்கள். படம் போட்டு, தேவாரம் போட்டு, குடும்ப மரம் போட்டுப் புத்தகமாகவே அடித்து வீடு வீடாகக் கொடுப்பார்கள். பல கல்வெட்டுகளைப் புலவர்மார்தான் எழுதினார்கள், ஆராய்ச்சிக்கும் உதவுகின்றன. கல்வெட்டு அடிக்க வசதியில்லாத குடும்பத்துக்கு ஈழநாட்டில் போட்ட ஒரு சாண்தான் கல்வெட்டு. அதற்கு மேல் அவர்களைப் பற்றி எங்கும் எழுத்து இல்லை. உறுதியிலும் பதிவுகாரர் கொப்பியிலும் பெயர் இருக்கும், ஆனால் ஆர் ஆருக்கு என்ன முறை, எவர் எவரை விட்டுவிட்டுப் போனார் என்பது அதில் இராது.

பெயர் விடுபட்டால் வருகிற சண்டையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். ஒரு செத்தவீட்டில் மூத்த மருமகனின் பெயர் இளைய மருமகனின் பெயருக்குப் பிறகு வந்துவிட்டது என்று அவர் பந்தலுக்குள் வராமல் படலையிலேயே நின்றதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். கடைசியில் ஒரு பெரியவர் போய், "தம்பி, அச்சடிச்சவங்கள் மாறிக் கோத்துப் போட்டாங்கள், நீங்கள் வாங்கோ" என்று பழியை அச்சுக்கோப்பாளர் மேல் போட்டுக் கூட்டி வந்தார். ஒரு பிழையும் செய்யாத அந்த அச்சுக்கோப்பாளர் எத்தனை குடும்பங்களை இப்படிச் சேர்த்து வைத்தாரோ!

கொழும்புப் பத்திரிகையிலும் வானொலியிலும் மரண அறிவித்தல் இருந்ததுதானே என்று கேட்பீர்கள். இருந்தது. வானொலி சொல்லி முடித்தால் காற்றோடு போயிற்று. பெயரை அரைகுறையாகக் கேட்டுவிட்டுப் பிழையான செத்தவீட்டுக்குப் போனவர்களும் உண்டு. கொழும்புப் பத்திரிகைக்குத் தந்தி அடித்து, பணம் கட்டி, அது அச்சாகி ரயிலில் வரும்போது இங்கே எட்டுச் செலவும் முடிந்திருக்கும். ஈழநாட்டுக்கு மாலையில் ஒருவர் சைக்கிளில் போய் எழுதிக் கொடுத்தால் விடியப் பத்திரிகையில் வரும். பின்னேரம் கிரியைக்குச் சனம் வந்து சேரும். சுடலைக்குக் கொண்டுபோக முன் உறவுகளைச் சேர்க்கிற வேலையை அது செய்தது.

1967 இல் எனக்குத் தபால் பகுதியில் வேலை கிடைத்தது. சில வருடங்களில் பண்டாரவளைக்கு மாற்றினார்கள். ஈழநாட்டை இன்னொரு பக்கத்திலிருந்து பார்த்தது அங்கேதான். மலைநாட்டுக் குளிருக்குள் வேலை பார்த்த யாழ்ப்பாணத்தார் பலர் தபாலில் அதை எடுத்தார்கள். புகையிரத நிலையத்தில் ஒருவர், தோட்டத்துக் கிளாக்கர் ஒருவர், பள்ளிக்கூட வாத்தியார் இருவர், ஒரு சுருட்டுக் கடைக்காரர். குழாய் மாதிரிச் சுருட்டி, விலாசம் எழுதின கடதாசிப் பட்டி சுற்றி வரும். செய்திப் பத்திரிகையாகப் பதிவு செய்யப்பட்டது என்ற வரி இருப்பதால் முத்திரைக் கட்டணம் சலுகை. இரண்டு நாள், சில வேளை மூன்று நாள் பழசு. அதனால் ஒருவருக்கும் கவலையில்லை. கந்தோர் வாசற்படியிலேயே நின்று பட்டியைக் கிழித்து மரண அறிவித்தல் பக்கத்தைப் பிரிப்பார்கள். முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிடும், இன்றைக்கு ஆரும் தெரிந்தவர் இருக்கிறாரா இல்லையா என்று.

சுருட்டுக் கடைக்காரர் மட்டும் விலைவாசியைத்தான் முதலில் பார்ப்பார். புகையிலை அவருக்கு.

1973 ஆவணியில் ஒரு நாள் காலை எனக்கே தந்தி வந்தது. அம்மா போய்விட்டா, உடனே வா என்று. அவ்வளவுதான் இருந்தது. பண்டாரவளையிலிருந்து கொழும்புக் கோட்டைக்கு வந்து, இரவு மெயிலில் ஏறி, விடிய யாழ்ப்பாண நிலையத்தில் இறங்கினேன். எனக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றுதான். வைத்திருக்கிறார்களா, எடுத்துவிட்டார்களா? கேட்பதற்கு ஆளில்லை. எங்கள் ஊரில் தொலைபேசி இருந்த வீடு எதுவும் இல்லை. மேடையில் ஒரு பொடியன் ஈழநாடு விற்றுக்கொண்டு வந்தான். வாங்கிப் பிரித்தேன். அம்மாவின் பெயர் இருந்தது. எங்கள் எல்லோருடைய பெயரும் இருந்தது. என் பெயருக்குப் பக்கத்தில் தபாற்கந்தோர், பண்டாரவளை என்று அடைப்புக்குறிக்குள் இருந்தது. பிற்பகல் இரண்டு மணிக்குக் கிரியை என்று இருந்தது. அண்ணா முதல் நாள் பின்னேரம் மழைக்குள் சைக்கிளில் போய் எழுதிக் கொடுத்தவராம். நேரத்தைப் போடச் சொன்னது நான் ரயிலில் வந்து இறங்கிப் பார்ப்பேன் என்று நினைத்துத்தான் என்று பிறகு சொன்னார். சுன்னாகத்துக்குப் பஸ் எடுத்து, நேரே வீட்டுக்குப் போனேன். காத்திருந்தார்கள்.

அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அடிக்க எங்களுக்குக் கை நீளவில்லை. அண்ணாவும் நானும் காசு போட்டு ஈழநாட்டில் படத்தோடு நினைவஞ்சலி போட்டோம். படம் போடுவதென்றால் அப்போது ‘புளொக்’ செய்ய வேண்டும், அதற்குத் தனிக் காசு. அம்மாவுக்கு இருந்தது ஒரேயொரு படம். 1972 இல் அடையாள அட்டை கொடுக்கத் தொடங்கினார்கள் அல்லவா, அதற்கென்று சுன்னாகத்தில் ஒரு ஸ்ரூடியோவுக்கு அப்பா வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போய் எடுத்தது. அம்மா வாழ்க்கையில் முதலும் கடைசியுமாகக் கமராவுக்கு முன் இருந்தது அன்றைக்குத்தான். படத்தில் ஆருடனோ கோபித்துக்கொண்டு இருப்பது போல இருப்பா. அந்தக் காலத்தில் முதல் தடவை படம் எடுத்த எங்கள் ஆச்சிமார் எல்லோரும் அப்படித்தான் இருப்பார்கள்.

1978 இல் எனக்கு வடபகுதிக்கு மாற்றம் கிடைத்தது. ஆகவே 1981 இல் நான் இங்கேதான். மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் யூன் 4 இல் வர இருந்தது. மே 31, ஞாயிற்றுக்கிழமை, நாச்சிமார் கோயிலடியில் தேர்தல் கூட்டம். அங்கே பொலிஸ்காரர் சுடப்பட்டார்கள். அதற்குப் பிறகு நடந்தவை உங்களுக்குத் தெரியும். கடைகள், எம்.பி. யோகேஸ்வரனின் வீடு, கூட்டணிக் காரியாலயம், பூபாலசிங்கம் புத்தகசாலை, ஈழநாடு, பிறகு நூலகம். நாலைந்து நாள் கழித்துப் பட்டணத்துக்குப் போனபோது வீதியில் நின்று பார்த்தேன். உள்ளே போகவில்லை. கரி பிடித்த சுவரைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு வயதான மனிதர் என்னைத் திரும்பிப் பார்த்து, "எங்கட வீட்டுக்காரியின்ரை அறிவித்தல் போன மாதம்தான் குடுத்தனான்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் பதிலை எதிர்பார்த்துச் சொன்னவரல்ல.

எரிந்த நூலகத்தின் புத்தகங்களில் பெரும்பகுதிக்கு உலகத்தில் வேறெங்காவது இன்னொரு பிரதி இருக்கலாம். ஒரு ஊர்ப் பத்திரிகையின் இருபத்திரண்டு வருடத்துக் கட்டுகளுக்கு அப்படி எத்தனை பிரதி இருக்கும்? பத்திரிகையை ஆரும் வைத்திருப்பதில்லை. எங்கள் வாசிகசாலையே மாத முடிவில் நிறுத்துக் கடைக்கு விற்றது, அந்தக் காசில்தான் அடுத்த மாதச் சந்தா. சீனி சுற்றவும் சுருட்டுக் கட்டவும் போயிற்று. ஆகவே, ஏதாவது தேவையென்றால் பத்திரிகைக் கந்தோரில் கட்டு இருக்கும், இல்லாவிட்டால் நூலகத்தில் இருக்கும் என்று ஊர் முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தது. இரண்டையும் ஒன்றாகவே எரித்தார்கள்.

ஈழநாடு மறுபடி எழும்பியது, அதைச் சொல்லத்தான் வேண்டும். யாழ் இந்துக் கல்லூரி அதிபராக இருந்து இளைப்பாறிய ந. சபாரத்தினம் போன்றவர்கள் அதன் ஆசிரியர் கதிரையில் இருந்தார்கள். எண்பதுகளின் நடுப்பகுதியில் ஈழமுரசு, முரசொலி, உதயன் என்று எங்கள் பட்டணத்தில் பத்திரிகைகள் பெருகின. வாசிகசாலை மேசையில் இடம் போதவில்லை. 1987 ஒக்ரோபர் 10 இல் ஈழமுரசு, முரசொலி அச்சுக்கூடங்களை இந்திய அமைதிப்படை வெடிவைத்துத் தகர்த்தது. ஈழநாடும் கடைசியில் ஓய்ந்துபோயிற்று. உதயன் நிலைத்தது. தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லை, பத்திரிகைக் கடதாசிக்குத் தடை. பள்ளிக்கூடக் கொப்பிக் கடதாசியிலும் உதயன் அச்சாகி வந்தது. ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் அதைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்தோம். அப்போதும் முதலில் தேடியது மரண அறிவித்தல்தான். அந்த வருடங்களில் அது கொஞ்சமாகவா இருந்தது.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் மழைக்குள் நாவற்குழிப் பாலம் தாண்டியது. நாங்களும் போனோம். கையில் எடுத்தது பிள்ளைகளின் சான்றிதழ், காணி உறுதி, என் சம்பளப் பத்திரம், கொஞ்ச அரிசி. அம்மாவின் படம் சுவரில் இருந்தது. நினைவஞ்சலியை வெட்டி அப்பா தன் திருவாசகப் புத்தகத்துக்குள் வைத்திருந்தார், அது அலுமாரியில் இருந்தது. ஆறேழு மாதத்தில் திரும்பி வந்தபோது வீடு இருந்தது, கூரையில் பாதி இருந்தது. சுவரில் ஆணி இருந்தது.

ஆகவே என் அம்மாவின் முகம் இன்றைக்கு எங்காவது இருக்குமென்றால் 1973 புரட்டாசி மாதத்து ஈழநாட்டில்தான் இருக்கும். என் பேத்தி அம்மாவின் சாடை என்று என் அக்கா செத்துப்போகும் வரையும் சொல்லிக்கொண்டிருந்தா. பேத்தி என்னிடம், "எங்கே அப்பா, காட்டுங்கோ பாப்பம்" என்று கேட்கிறாள். வாயால் சொல்லி எப்படி முகத்தைக் காட்டுவது? மூக்கு இப்படி, நெற்றி இப்படி என்று நான் சொல்லச் சொல்ல அவள் பென்சிலால் கீறிப் பார்த்தாள். வந்தது வேறு ஆரோ.

2005 இல் தொடங்கிய நூலகம் நிறுவனத்துப் பிள்ளைகள் பழைய பத்திரிகைகளைத் தேடித் தேடி இணையத்தில் ஏற்றுகிறார்கள், ஈழநாடும் அதில் உண்டு. பேத்திதான் எனக்குத் தட்டித் தந்தாள். எனக்கு வேண்டிய நாள் இன்னும் அகப்படவில்லை. கொழும்பில் தேசிய சுவடிகள் கூடத்தில் பழைய பத்திரிகைகள் சேர்த்து வைத்திருக்கிறார்கள். எனக்கு முழங்கால் விடாது. வருகிற ஓகஸ்ட் விடுமுறையில் பேத்தி போகிறேன் என்கிறாள். திகதிகளைத் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இறந்த திகதி, முப்பத்தோராம் நாள், அதற்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு நாள்.

இதையெல்லாம் இப்போது எழுத வைத்தது ஒரு றங்குப் பெட்டி. போன மாதம் எங்கள் ஒழுங்கையில் ஒரு பழைய வீட்டை இடித்தார்கள். பிள்ளைகள் எல்லோரும் வெளிநாடு. சாமான்களை ஒதுக்கியவர் அடியில் கடதாசி விரித்திருந்த ஒரு றங்குப் பெட்டியை, நான் இப்படியானவற்றை விசாரிக்கிறவன் என்று தெரிந்து, கொண்டுவந்து தந்தார். அடியில் விரித்திருந்தது ஈழநாட்டின் ஒரு தாள். பூச்சி உருண்டை மணம். மூலையைப் பெட்டியின் அளவுக்கு வெட்டியிருந்தபடியால் திகதி இல்லை. ஆனால் ஒரு விளம்பரத்தில், போயா தினத்தில் கடை பூட்டு, முன் போயா அன்று அரை நாள் திறந்திருக்கும் என்று இருந்தது. என் வயதுக்காரருக்கு இது போதும். ஞாயிற்றுக்கிழமையை எடுத்துவிட்டுப் போயாவை வார விடுமுறையாக்கி எங்களைப் படாத பாடு படுத்தியது 1966 முதல் 1971 வரையும்தான். என்ன கிழமையில் லீவு வரும் என்று தெரியாமல் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கந்தோர்க்காரரும் கலண்டரோடு திரிந்த காலம். ஆகவே இது அம்மாவின் தாள் அல்ல.

ஆனாலும் மேசையில் விரித்து, மேலே கண்ணாடி வைத்து, ஒரு எழுத்து விடாமல் வாசித்தேன். வெங்காய விலை இருக்கிறது. வின்சரில் ஓடிய படத்தின் விளம்பரத்தில் பாதி இருக்கிறது. காணாமல் போன சிவப்புப் பசு ஒன்று, இடது கொம்பு மடிந்தது, கண்டவர்கள் அறிவிக்கவும். மரண அறிவித்தல் ஐந்து இருக்கின்றன. மூன்று முழுதாக, இரண்டு பாதி. முழுதாக உள்ள மூன்றில் ஒன்று, அளவெட்டியைப் பிறப்பிடமாகவும் ஏழாலையை வதிவிடமாகவும் கொண்ட ஒரு அம்மா. வேலிக்கு அங்காலை நின்று "ஆரும் போட்டினமோ" என்று கேட்ட அந்த ஆச்சிதான். அவவின் முழுப் பெயர் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆறு பிள்ளைகள், அதில் ஒருவர் நாவலப்பிட்டியில் கடை.

அவவின் பேரன் ஒருவர் கனடாவில் இருக்கிறார் என்று விசாரித்து அறிந்து, பேத்தியைக் கொண்டு அந்த அறிவித்தலைப் படம் எடுத்து அனுப்பினேன். இரவு பன்னிரண்டு மணிக்கு அழைப்பு வந்தது. அங்கே பகல். அவர் தன் ஆச்சியின் தாய் தகப்பன் பெயரை இதுவரைக்கும் கேள்விப்பட்டதில்லையாம். அளவெட்டியில் தங்களுக்குச் சொந்தம் இருப்பதே தெரியாதாம். எழுத்தை எழுத்தாக என்னிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். வாசிகசாலையில் வாசித்தது போல உரத்து வாசித்தேன்.

மற்ற நான்கும் இவை. ஒன்று கோண்டாவிலைப் பிறப்பிடமாகக் கொண்ட, இளைப்பாறிய புகையிரதப் பகுதி உத்தியோகத்தர். ஒன்று காரைநகரைப் பிறப்பிடமாகவும் கொழும்பை வதிவிடமாகவும் கொண்ட வர்த்தகர். பாதியாக உள்ளவற்றில் ஒன்றில் ‘புலோலி மேற்கு’ என்பது மட்டும் தெளிவு, மற்றதில் ‘மலாயாப் பென்சனியர்’ என்பதும் மூன்று மகள்மாரின் பெயரும். உங்களுடையவர்களாக இருக்கலாம் என்று தோன்றினால் எழுதுங்கள், பெயர்களைத் தனியே அனுப்பி வைக்கிறேன். உங்கள் வீட்டு றங்குப் பெட்டிகளின் அடியையும் ஒருக்கால் கிளப்பிப் பாருங்கள். 1973, புரட்டாசி.